ஒரு மனுஷனுக்கு ஒன்பது இதயம்

தர்பாசா என்ற ப்ரோக்ராமிடம் இல்லாத ஃபோல்டர் ஒன்றைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு அது இப்படிச் சொல்லும்: "நீங்கள் கேட்ட ஃபோல்டர் இங்கே இல்லை. அதனால் எதையும் திறக்கவில்லை. இங்கே இருப்பவை இவை. வேண்டியதன் எண்ணை அழுத்தினால் போதும்." அவ்வளவுதான். கத்தாது, பயமுறுத்தாது, தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாது. இந்த நாலு வாக்கியத்தை எழுத, அதை உருவாக்கிய மெதெர்பேக்குக்கு நாலு நிமிஷம் ஆகியிருக்கும். எழுத வேண்டும் என்ற புத்தி வர நாற்பத்தோரு வருஷம் ஆனது. நடுவில் ஒரு பெரியவரின் உயிருக்கே உலை வைத்துவிடப் பார்த்தான்.

கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சாரி-கயிங் மாவட்டத்தில் அவனைப் போல ஒரு நல்ல மனுஷனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் முதல் பத்து நிமிஷம் அவனோடு பேசிய யாரும் அதை நம்பமாட்டார்கள். அப்படி ஒரு முன்கோபம்.

பால் லாரி ஓட்டியவரின் கடைசி மகன் அவன். தலைநகரில் படித்தான், அங்கேயே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் எட்டு வருஷம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. எங்கள் வழக்கத்தில் கடைசி மகன்தானே அப்பன் வீட்டைப் பார்க்க வேண்டும், அண்ணன்மார் மூன்று பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் பெண்டாட்டி நூர்சாத்தையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நூர்சாத் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆனாள். அவன் மாவட்ட ஆஸ்பத்திரியின் ஒரே கம்ப்யூட்டர் ஆள் ஆனான்.

மாடிப்படிக்குக் கீழே, முன்பு துணி துவைத்த அறைதான் அவன் ஆபீஸ். பிரின்டரில் மாட்டிய காகிதத்தை எடுப்பது முதல் தலைமை டாக்டர் மகளின் ஃபோனில் தொலைந்த படங்களை மீட்பது வரை எல்லாம் அவன் தலையில்தான். ஃபோனை எடுத்தால் வணக்கம் கிடையாது. "ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கு? அதைப் படிங்க முதல்ல. படிக்காம என்னைக் கூப்பிடாதீங்க." இதுதான் அவன் வணக்கம். அதே ஆள்தான் ஒரு தடவை, முழங்கால் பனியில் ஏழு கிலோமீட்டர் நடந்து போய், ஒரு கிராமத்து மருத்துவச்சிக்கு லேப்டாப் சார்ஜரைக் கொடுத்துவிட்டு, "இதைக் கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா?" என்று அவளையே திட்டிவிட்டு வந்தான்.

தர்பாசாவை அவன் எழுதியது ஒரு குளிர்காலத்தில். மலைப்பாதை மூடிக்கிடந்தது. கிராமங்களில் எடுத்த ஈசிஜி, பால் லாரியில் ஏறி மூன்று நாள் கழித்து டாக்டர் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குள் நெஞ்சுவலிக்காரர் பிழைத்திருப்பார், அல்லது புதைத்திருப்பார்கள். இவனுக்குக் கோபம் வந்தது, எழுதிவிட்டான். எங்கள் பேச்சில் தர்பாசா என்றால் வீட்டு வாசலின் பெரிய கதவு. கிராமத்து லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, தர்பாசா என்று அடித்து, எந்த நோயாளியின் ஃபோல்டர் என்று பக்கத்தில் பாதையை எழுதினால், அந்த லேப்டாப்பே ஒரு சின்ன சர்வர் ஆகிவிடும். இங்கே டாக்டர் தன் மேஜையிலிருந்தே அந்த ஃபோல்டரில் உள்ளதைப் பார்க்கலாம். புதிதாக எடுத்தது மேலே வரும். ஊரும் தேதியும் தெரியும், நோயாளியின் பெயர் தெரியாது. கண்டவர் கண்ணில் படக்கூடாது என்று அவனே யோசித்துச் செய்தது அது. இதை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டுவைத்தான். பிரேசிலிலிருந்து யாரோ நன்றி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான், கேட்டால் ஈரம் தெரியாமல் இருக்க ஒட்டினேன் என்பான்.

ஒரே ஒரு குறை. பாதையைத் தப்பாக எழுதினால் தர்பாசா பொத்தென்று விழுந்து சாகும். சாகும்போது நாற்பது வரி இங்கிலீஷைத் திரை முழுக்கக் கக்கும். அது குறை என்றே மெதெர்பேக் ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பு பண்ணினவங்களுக்குத் தப்புன்னு தெரியணும். தாலாட்டா பாட முடியும்?" என்பான்.

பதினோரு கிராமத்தில் பத்து கிராமம் அதோடு பழகிக்கொண்டது. பதினோராவது தாஷ்-கெச்சூ. அங்கே சாய்ராகுல்.

சாய்ராகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொன்பது வயது. நூற்று நாற்பது வீட்டுக்கு டாக்டரும் அவள்தான், நர்ஸும் அவள்தான், பிரசவம் பார்ப்பதும் அவள்தான். ஓடுகிற லாரியின் முதுகில் குழந்தையை வாங்கியவள். குதிரை கடித்த கையை ஒற்றை ஆளாக உட்கார்ந்து தைத்தவள். புருஷன் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் மாமனாரும் பிள்ளைகளும். கறுப்புத் திரைக்கெல்லாம் பயப்படுகிற பெண் இல்லை. அப்படிப்பட்டவள் அந்த இலையுதிர்காலத்தில் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

"மெதெர் பைகே, உங்க கதவு மறுபடி செத்துப்போச்சு."

பைகே என்றால் அண்ணன். அண்ணன் என்று கூப்பிட்டால் மட்டும் இவன் இளகிவிடுவானா?

"அதெல்லாம் சாகாது. என்ன பாதை கொடுத்தீங்க?"

"கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தேன்."

"மத்தவங்களுக்குத் திறக்குதா?"

"எல்லாருக்கும் திறக்குது. ஒருத்தருக்குத்தான் திறக்கல."

"அப்ப அந்த ஒருத்தர் பாதையை ஒவ்வொரு எழுத்தாப் படிங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்னங்க, வாயில தயிர்க்கட்டி அடைச்சிருக்கா?"

"ஊசி போட ஆள் வந்திருக்காங்க, பைகே. வச்சிடறேன்."

ஒரு நாள் ஊசி, ஒரு நாள் அடுப்பில் பால், ஒரு நாள் சிக்னல் இல்லை. ஏழெட்டு நாள் இப்படிப் போனது. இவனுக்கோ தலைக்கு மேல் ஏறிவிட்டது. இது போதாதென்று தலைமை டாக்டர் படியில் இறங்கும்போது நின்று, "மெதெர், நர்ஸுங்க எல்லாம் உன் ப்ரோக்ராமைப் பார்த்து மிரள்றாங்க. கொஞ்சம் மரியாதையா நடந்துக்கச் சொல்லு அதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியாதைதானே வேண்டும்? ஐயா உட்கார்ந்தார், நாலு வரி சேர்த்தார். கேட்ட ஃபோல்டர் இல்லையென்றால் விழாதே, கத்தாதே. அதற்கு மேலே உள்ள பெரிய ஃபோல்டரைத் திறந்து காட்டிவிடு. கேட்டது கிடைக்காவிட்டாலும் ஏதோ ஒன்று கிடைக்குமே. முடிந்தது வேலை.

மறுநாள் ஃபோன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்த நூர்சாத்திடம் பெருமை அடித்துக்கொண்டான்.

"பாத்தியா? நாலே வரி. தாஷ்-கெச்சூ வாயே திறக்கல."

விஷயத்தைக் கேட்டுவிட்டு நூர்சாத் சொன்னாள்: "பதில் தெரியாத பையன் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதினா கிளாஸ் அமைதியாத்தான் இருக்கும். நான் அதுக்கு மார்க் போடுறதில்ல."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"சரிங்க, பெரிய படிப்பாளி. கையைக் கழுவிட்டு வந்து உருட்டுங்க."

பத்தாம் நாள் காலையில், உள்ளும் புறமும் பிரித்துப்போட்ட பிரின்டருக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தபோது, கூல்பர்சின் எஜே உள்ளே வந்தாள். எஜே என்றால் அக்கா. எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே இதய டாக்டர். அறுபதை நெருங்குகிறவள், ஒரு நாளைக்கு அறுபது ஈசிஜி பார்க்கிறவள், சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஒன்பது காகிதத்தை பிரின்டர் மேலேயே வரிசையாகப் பரப்பினாள்.

"இதைப் பாரு, மெதெர்."

"கோடு கோடா இருக்கு, எஜே. எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதவன் கண்ணுக்கே தெரியும், பாரு. எல்லாம் தாஷ்-கெச்சூ. எல்லாம் சாய்ராகுலோட மாமனார். தினம் மத்தியானம் ஃபோன் பண்ணி, எங்க பெரியவருது திறந்தாச்சு பாருங்கன்னு சொல்லுவா, நானும் பார்ப்பேன். மாத்திரையைக் கூட்டலாமான்னு இன்னைக்குத்தான் ஒம்பதையும் சேர்த்து வச்சேன். திங்கட்கிழமை இவருக்கு இருபது வயசு. செவ்வாய்க்கிழமை இது பொம்பளை நெஞ்சுன்னு நான் சத்தியம் பண்ணுவேன். புதன்கிழமை நூத்திப்பத்து கிலோ ஆளு. எழுபத்தோரு வயசு மனுஷனுக்கு ஒம்பது நாள்ல ஒம்பது இதயமா?"

மெதெர்பேக் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அவ சொன்னா, மெதெர். நாடி குறைவா இருக்கு எஜேன்னு ரெண்டு தடவை சொன்னா. நான் இதைப் பார்த்துட்டு, மெஷின் எழுபதுன்னு காட்டுது, உன் விரல் சில்லுன்னு இருந்திருக்கும், மாத்திரையை அப்படியே கொடுன்னு சொல்லிட்டேன். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அது. யாரைப் பார்த்து நான் அப்படிச் சொன்னேன்?"

அவன் தாஷ்-கெச்சூ லேப்டாப்பின் லாகைத் திறந்தான். யார் என்ன கேட்டார்கள், தர்பாசா என்ன செய்தது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிற குறிப்பு அது. ஒன்பது மத்தியானத்திலும் ஒரே வரி இருந்தது. கேட்ட ஃபோல்டர்: ஆதா. இல்லை. அதனால் மேலே உள்ள ஃபோல்டர் திறக்கப்பட்டது. ஊர் முழுவதன் ஃபோல்டர். அதில் புதியது மேலே வரும். அன்றைக்குக் கடைசியாக சாய்ராகுலிடம் யார் வந்து படுத்தார்களோ அவர்கள் நெஞ்சு.

ஆதா என்றால் அப்பா. அந்தப் பெயரில் ஃபோல்டர் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரிப் பதிவில் உள்ள முழுப்பெயரில்தான் மெஷின் ஃபோல்டர் போடும். பெரியவரின் சரியான ஃபோல்டரும் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பெயரை நான் இப்போது சொல்லப்போவதில்லை. மருமகள் வாயில் வராத பெயரை நான் முந்திக்கொண்டு சொல்வது மரியாதை ஆகாது.

அவன் அதைத் திறந்தான். ஒன்பது நாளின் உண்மையான ஈசிஜியும், இன்று காலை எடுத்த பத்தாவதும் வந்தன. கூல்பர்சின் எஜே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் திரையை விரலால் தொட்டாள்.

"முப்பத்தி நாலு. இன்னைக்குக் காலைல. இதயத்தோட மேல் அறை கூப்பிடுது, கீழ் அறைக்குக் கேட்கவே இல்ல. எப்ப வேணா நின்னுடும்."

சாய்ராகுலுக்கு ஃபோன் போட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். எடுக்கவில்லை.

"வண்டியை அனுப்பறேன். வார்டை விட்டு நான் நகர முடியாது. நேரா நாரின் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு. மாத்திரையை நிறுத்தணும். அவரை ஒரு அடி நடக்க விடக்கூடாது."

"நானே போறேன், எஜே."

"நீ போய் என்ன செய்யப் போற?"

"தெரியல. ஆனா நான்தான் போகணும்."

போவதற்கு முன் அந்த நாலு வரியை அழித்தான். தர்பாசா பழையபடி விழுந்து சாகட்டும், நாற்பது வரி கக்கட்டும், பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஐம்பத்தைந்து கிலோமீட்டர். டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டான், இவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். வழியெல்லாம் இவன் மனசுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. நிமிஷத்துக்கு முப்பத்தி நாலு, நிமிஷத்துக்கு முப்பத்தி நாலு.

பெரியவர் எங்கே இருந்தார் தெரியுமா? படுக்கையில் இல்லை. நாற்காலியில் இல்லை. மாட்டுக் கொட்டகையின் கூரை மேல் நின்று, கவைக்கோலால் வைக்கோலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து சாய்ராகுல் ஓடிவந்தாள். கை முழுக்க மாவு. ஃபோன் கிராமத்து மருந்தகத்திலேயே கிடந்திருக்கிறது. "என்ன பைகே, ஆம்புலன்ஸ்ல வர்றீங்க? யாருக்கு என்ன?"

"ஆதாவைக் கீழ இறக்குங்க. மெதுவா."

பெரியவர் மேலிருந்து எட்டிப்பார்த்தார். நெடுநெடுவென்ற உருவம், உதடு மட்டும் நீலம்பாரித்திருந்தது.

"யாருடா அது? பால் லாரிக்காரன் கடைசிப் பையன்தானே? டாக்டர் எங்க? கம்ப்யூட்டர்காரன் எதுக்கு ஆம்புலன்ஸ்ல வர்றான்?"

"நாரினுக்குப் போகணும், ஆதா. உங்க நெஞ்சு சரியில்ல."

"போடா. ஒம்பது நாளா காளைமாடு மாதிரி இருக்குன்னு உங்க டாக்டரே சொல்லியிருக்கா. அதனாலதான் மேல ஏறினேன். அதுவரைக்கும் இவ என்னைக் கட்டில்லேயே கட்டிப்போட்டிருந்தா."

"டாக்டர் பார்த்தது உங்க நெஞ்சு இல்ல, ஆதா."

"பின்ன யாரோடது?"

"நேத்து பார்த்தது உங்க ஊர் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாருது."

டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டான். பெரியவரும் சிரித்தார். "அவனுக்கு நெஞ்சு நல்ல நெஞ்சுதான். மேல ஒண்ணும் இல்ல, அதான்." சிரித்து முடித்ததும் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "அது சரி, மெஷின் எதுக்கு என்கிட்ட பொய் சொல்லுச்சு?"

இங்கே ஒரு சமாளிப்பு சொல்லியிருக்கலாம். சிஸ்டம் கோளாறு என்று ஒரு வார்த்தை போதும், உலகம் முழுக்க அதைச் சொல்லித்தான் தப்பிக்கிறார்கள். மெதெர்பேக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மெஷின் சொல்லல, ஆதா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தெரியாட்டி தெரியலன்னு சொல்லாதே, பக்கத்துல இருக்கறதை எடுத்துக் காட்டுன்னு. ஃபோன் தொல்லை தாங்காம அப்படி எழுதிட்டேன்."

பெரியவர் கவைக்கோலை வைக்கோலில் குத்தி நிறுத்தினார்.

"எங்க கொல்கோஸ் கூட்டுப்பண்ணைத் தலைவன் இப்படித்தான்" என்றார் பெரியவர். "மாஸ்கோவிலிருந்து ஆள் வந்து ஆடு எங்கேன்னு கேட்டா, பக்கத்துப் பண்ணை ஆட்டைக் காட்டுவான். அவனுக்குப் பதக்கம் குத்தினாங்க. உனக்கு என்ன குத்தப்போறாங்க?"

"முதல்ல இறங்குங்க, ஆதா. அப்புறம் எதை வேணா குத்துங்க."

"தப்பைத் தப்புன்னு சொல்றியே, அதுக்காக இறங்குறேன்" என்று ஏணியில் காலை வைத்தார். நாலாவது படியில் கண் செருகியது. டிரைவரும் மெதெர்பேக்கும் தாங்கிக்கொண்டார்கள். கனத்த உடம்பு. வண்டியில் ஏற்றுவதற்குள் மூன்று பேருக்கும் வேர்த்துவிட்டது. அந்த அவசரத்திலும் பக்கத்து வீட்டுப் பெண் ரொட்டியோடு ஓடிவந்து நீட்டினாள். வாசல் வரை வந்தவர்கள் ரொட்டியைத் தொடாமல் போகலாமா? டிரைவர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தான்.

பின்னால் சாய்ராகுல் மாமனார் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நாடியைப் பிடித்திருந்தாள். எதிரே மெதெர்பேக்.

"என் விரல் சரியாத்தான் சொல்லிருக்கு" என்றாள் அவள். "விரல் பொய் சொல்லும், மெஷின் சொல்லாதுன்னு நினைச்சேன்."

"ஏன் ஆதான்னு அடிச்சீங்க? ஃபோல்டர் பேர் உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"நான் எப்படி பைகே அதை அடிப்பேன்? அது அவங்க பேரு. முன்னாலேயே அவங்க அப்பா பேரு, இன்னார் மகன்னு. மருமகளா வந்து பத்தொம்பது வருஷம், ஒரு நாள் என் வாயில வந்ததில்ல. எழுதலாம், அது தப்பில்லன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு விரலே போகல. நீங்க வேற ஒவ்வொரு எழுத்தாப் படிங்கன்னு சொன்னீங்க. அதான் தினமும் கூப்பிடற மாதிரி ஆதான்னு அடிச்சேன். முதல்ல செத்துச் செத்துப் போச்சு. ஒரு நாள் சத்தமில்லாம திறந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "நீங்கதான் சொல்லி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். சாய்ராகுல் ஆதான்னு சொன்னா இவங்களைத்தான் சொல்றான்னு. மெதெர் பைகேயும் நம்ம ஆளுதானே, இது தெரியாமலா இருக்கும்னு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்."

இவனுக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் பிறந்த எவனுக்குத் தெரியாது? புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் சொல்லமாட்டாள். நூர்சாத்தின் ஃபோனில் இவனுடைய மூத்த அண்ணன் பெயர் 'நெட்டையவர்' என்றுதான் இருக்கிறது. பதினாறு வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். பதினோரு கிராமத்திலும் மருந்தகத்தில் உட்கார்ந்திருப்பது மருமகள்கள்தான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஒரு அந்நிய ஊர்க்காரன் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். இவன் எழுதியது. அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் தாங்கவில்லை அவனுக்கு.

"மன்னிச்சிடு, தங்கச்சி" என்றான். அவளிடம் அவன் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

நாரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை இறக்கி நடையில் நிறுத்தினார்கள். நர்ஸ் ஒருத்தி நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பதிவு ஜன்னலில் ஒரு பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நோயாளி முழுப்பேர்?"

அடையாளத்துக்குக் காட்ட வேண்டிய பாஸ்போர்ட் பெரியவரின் இன்னொரு கோட்டில், தாஷ்-கெச்சூவில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவருக்குக் கண் திறக்கவில்லை. மெதெர்பேக்குக்குப் பெயர் மனப்பாடம், காலையிலிருந்து கண்ணுக்குள் அதுதான் நிற்கிறது. அவன் வாயைத் திறந்தான்.

"நீங்க உறவா?" என்றாள் ஜன்னல்காரி.

"இல்ல, நான் வந்து..."

"உறவுக்காரங்க சொல்லட்டும். ரத்த வகை, மாத்திரை எல்லாம் அவங்ககிட்டதான் கேட்கணும். ஒரே பேர்ல மூணு பேர் கிடக்காங்க உள்ள, மாத்திப் போட்டுட்டா நான்தான் பதில் சொல்லணும்."

"அவங்களால சொல்ல முடியாதும்மா, அவங்க மருமக" என்றான் மெதெர்பேக். ஜன்னல்காரி இப்போது தலையை நிமிர்த்தினாள். அவளும் எங்கேயோ ஒரு வீட்டு மருமகள்தானே. அவள் பேனாவையும் காகிதத்தையும் மெதெர்பேக் பக்கம் தள்ளினாள்.

சாய்ராகுல் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம், பைகே. இன்னைக்கு யாரும் எனக்குப் பதிலா சொல்ல வேணாம்."

அவள் தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள். ஸ்ட்ரெச்சரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு நேராக நின்று, நடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னாள்.

"பெய்ஷெனலி உலு கல்முர்சா. எழுபத்தோரு வயசு. ஊர் தாஷ்-கெச்சூ. எனக்கு மாமனார்."

சொன்னதும் அவள் முகம் தீப்பட்ட மாதிரி சிவந்தது. மாத்திரை பெயர், எத்தனை, எந்த வேளை, நாடி எந்த நாளில் எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னாள். கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். மெதெர்பேக்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனும் அழுதான், இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவான்.

அன்று சாயங்காலமே பெரியவரின் கழுத்து வழியாக ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். அது தட்டத் தட்ட இதயம் அடித்தது. நிமிஷத்துக்கு எழுபது. ஒரு வாரம் கழித்துத் தலைநகரில் நிரந்தரமாக ஒன்று வைக்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் மெதெர்பேக் தேநீர் ஃப்ளாஸ்க்கோடு வார்டுக்குள் போனபோது, பெரியவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. சாய்ராகுல் அவர் காலைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"மருமகளே" என்றார் பெரியவர்.

"சொல்லுங்க, ஆதா."

"நேத்து எங்கேயோ ஆழத்துல போயிட்டிருந்தேன். ஒரு பொம்பளை என் பேரைக் கூப்பிட்டா. எங்க அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டா. யாரு அது?"

சாய்ராகுல் போர்வை நுனியைச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

"தெரியலையே, ஆதா. நர்ஸா இருக்கும்."

பெரியவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"யாரா இருந்தா என்ன? நல்லாத்தான் கூப்பிட்டா. திரும்பி வந்துட்டேன்."